அரசிக்கு ஓர் ஊசித்தாங்கி

ஜூலை 5, புதன்

நேற்று எழுத வேண்டியதை இன்று எழுதுகிறேன். கோயம்புத்தூரில், ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறேன். இடது காலில் என் செருப்பு இருக்கிறது. வலது காலில் அரசியின் செருப்பு. இப்போதுதான் கவனித்தேன்.

நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் போனபோது அரசி ஜன்னலோரம் தரையில் கிடந்தாள். வலது கையும் காலும் துவண்டிருந்தன. கண் திறந்திருந்தது. பேச்சில்லை. என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரெஜினா ஓடிவந்தாள். குன்னூர் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் நிமிஷத்தில் கீழே கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். மலை இறங்கும் வழி முழுக்க, வளைவுகளில் அவள் தலை ஆடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் தலையை அப்படிப் பிடித்த ஞாபகம் இல்லை.

டாக்டர் சின்னப் பெண். நின்றுகொண்டே கேட்டாள்.

"கடைசியா எப்ப அவங்களை நல்லா இருக்கப் பாத்தீங்க?"

"ராத்திரி படுக்கும்போது."

"காலைல பாக்கலையா?"

"நான் வெளிய போயிட்டேன்."

எழுதிக்கொண்டாள். "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா கரைக்கிறதுக்கு ஒரு ஊசி இருக்கு. இவங்களுக்குத் தூக்கத்துலயே வந்திருக்கும்போல. நீங்க என்ன பண்ண முடியும், விடுங்க."

சாயங்காலம் தேன்மொழி ஈரோட்டிலிருந்து வந்துவிட்டாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. டாக்டர் அவளிடமும் அதையே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

நாலரை மணி நேரம். நான் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். அளவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

ஜூலை 6, வியாழன்

கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

ஜூலை 8, சனி

கைக்கு வேலையில்லாமல் இருக்க முடியவில்லை. தேன்மொழி குடித்துவிட்டு வைத்த ஜூஸ் உறிஞ்சுகுழலை எடுத்து, பேனாக்கத்தியால் சின்னச் சின்ன வளையங்களாக நறுக்கினேன். இரண்டு மில்லிமீட்டர் அகலம். ஒரு குழலுக்கு நாற்பது வந்தது. ஓரம் பிசிறடித்தவற்றை ஒதுக்கினேன்.

நர்ஸ் கேட்டாள், "என்ன தாத்தா, பாசி கோக்குறீங்களா?"

"இல்லம்மா. உல்லன் பின்னுறவங்க ஊசியில மாட்டுறது. எங்க வரைக்கும் வந்திருக்குன்னு அடையாளத்துக்கு."

இதே மாதிரி கம்பி வளையம் பத்து செய்துதரச் சொல்லி ஒரு தரம் அரசி கேட்டிருந்தாள். இரும்பு வேலை பார்த்த கையைக் கம்மல் செய்யச் சொல்கிறாயா என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

தேன்மொழி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, செவ்வாய்க்கிழமை காலைல எங்க போனீங்க?"

"வாக்கிங்."

"பன்னண்டு மணி வரைக்குமா?"

"அங்கங்க நின்னு பேசிட்டு வந்தேன்."

வளையங்களைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். யாருக்கு என்று தெரியவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

பேச்சு வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

வலி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாள். "இல்ல." பசிக்கிறதா. "இல்ல." உங்கள் பெயர் என்ன. "இல்ல." தேன்மொழியைக் காட்டி இது யார் என்று கேட்டதற்கும் "இல்ல" என்றுதான் சொன்னாள், சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. உள்ளே இருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று என்றும், எல்லாம் அவர்களுக்குப் புரியும் என்றும் டாக்டர் விளக்கினாள்.

எல்லாம் புரியும். எல்லாம் நினைவிருக்குமா என்று கேட்டேன்.

"பெரும்பாலும் இருக்கும்" என்றாள், நல்ல செய்தி சொல்வதுபோல.

ஜூலை 15, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிடித்துக்கொண்டால் நாலு அடி நடக்கிறாள். வலது கை தொங்குகிறது. காலையில் கஞ்சி, பத்து மணிக்கு எண்ணெய் தடவி நீவுதல், துணி துவைத்தல். அரசி இத்தனை வருஷமாக ரசத்துக்கு எவ்வளவு புளி போடுவாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டால் "இல்ல" என்பாள்.

ரெஜினா வந்தாள். வியாழக்கிழமைகளில் சர்ச் ஹாலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி உல்லன் பின்னுவார்கள். அரசியை அங்கே கூட்டிக்கொண்டுபோனவள் அவள்தான். கட்டிலில் உட்கார்ந்து அரசியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, இவங்க கை சும்மா இருக்கக் கூடாதுங்க. ஒரு ஊசியை மேஜையில நட்டமாதிரி நிக்க வச்சுட்டா இன்னொரு கையால பின்னிரலாம். எங்க குரூப்புல ஒருத்தங்க கை உடைஞ்சப்ப இடுப்புல சொருகிட்டுப் பின்னினாங்க. நீங்க மெஷின் வேலை தெரிஞ்சவங்க. உங்களுக்கு இது பெரிய விஷயமா?"

சரி என்றேன். போகும்போது வாசலில் நின்று, தேன்மொழி கேட்கும்படியாகவே சொன்னாள்: "அன்னைக்குக் காலைல பின்பக்கம் உங்க ஷெட்டுல சாணை கிரைண்டர் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் வீட்டுலதான இருக்காருன்னு நான் எட்டிப் பாக்காம விட்டுட்டேன்."

என் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. "அது வேற நாளா இருக்கும்" என்றேன்.

தேன்மொழி என்னை ஒரு தரம் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 17, திங்கள்

தேன்மொழி நேற்று ஈரோடு போய்விட்டாள். சனி ஞாயிறு வருவாள்.

ஊசித்தாங்கி செய்தேன். மேஜை ஓரத்தைக் கவ்வ ஒரு பழைய சி கிளாம்ப், மூன்று அங்குலத் தேக்குக் கட்டை ஒன்று. கட்டையில் சாய்வாக நாலு மில்லிமீட்டர் துளை. பக்கவாட்டில் ஒரு காது நட்டு. திருகினால் ஊசியை இறுக்கிப் பிடிக்கும். இரும்பு நேராகப் பட்டால் ஊசி தேயும் என்று உள்ளே ஒரு துண்டு ஃபெல்ட் துணி வைத்தேன்.

அவளுடைய ஊசிகளை நான் தொடவில்லை. புதிதாகச் செய்தேன். மூங்கிலை மெலிதாகச் சீவி, உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் நூறு தரம் உருவினேன். கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். சிராய் இல்லை.

ஜூலை 19, புதன்

தப்பு.

பின்னலில் ஒவ்வொரு சுருக்கையும் கண்ணி என்கிறாள் ரெஜினா. கண்ணிகள் இருக்கும் இடது ஊசியைத்தான் நட்டு வைக்க வேண்டும் என்று நானாக நினைத்திருந்தேன். அரசி முன்னால் வைத்தேன். பார்த்தாள். இடது கையால் கட்டையை மெல்லத் தள்ளினாள்.

"இல்ல."

"பிடிக்கலையா?"

"இல்ல. இல்ல." கட்டையை ஒரு விரலால் தட்டி, வலப்பக்கம் நகர்த்தி, ஊசி முனை அவள் பக்கம் பார்க்கும்படி திருப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நிற்க வேண்டியது வலது ஊசி. அவள் இடது கையோடு இருப்பதுதான் ஆட வேண்டும். அவளுக்குப் போன கையின் வேலையைத்தான் என் கட்டை செய்ய வேண்டும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை.

துளையை மறுபடி போட்டேன். கண்ணிகள் ஊசியின் பின்பக்கம் நழுவி விழுந்தன. பழைய ரப்பர் செருப்பை வெட்டி, துளையிட்டு, இரண்டு மூடி செய்து மாட்டினேன். நூல்பந்து உருண்டு கட்டிலடிக்கு ஓடியது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைப் பாதியாக அறுத்து, அடியில் மணல் பையை வைத்து, விளிம்பில் நூல் வழுக்கி வர ஒரு வெட்டு போட்டேன். வெட்டின் ஓரத்தைச் சூட்டுக்கம்பியால் மழுக்கினேன்.

ஒரு நாள் முழுக்க நான் அவளுக்காக ஷெட்டில் இருந்தது இதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் ஷெட் எதற்காக இருந்தது என்று இன்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 22, சனி

இருபது கண்ணி. ஒரு வரிசை. நாற்பது நிமிஷம்.

ரெஜினா முதல் வரிசையைப் போட்டுக் கொடுத்தாள். அரசி இடது ஊசியை நீட்டி, நட்டுவைத்த ஊசியின் முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, ஊசியை அப்படியே தொங்க விட்டுவிட்டு நூலைச் சுற்றி, மறுபடி பிடித்துத் தூக்கினாள். கண்ணி உட்கார்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் இன்னமும் ஒரு பக்கம் இழுத்துத்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் நிற்பதில்லை.

தேன்மொழி போனில் படம் எடுத்துக்கொண்டே அழுதாள். "அப்பா, நீங்க இதை எப்படிப்பா செஞ்சீங்க" என்று என் தோளில் தலையை வைத்தாள். நான் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ரெஜினா, "அக்கா, அந்த வெள்ளைச் சால்வை என்னாச்சு? முடிச்சுட்டீங்களா?" என்று அரசியின் பின்னல் பையை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே சால்வை இருந்தது. முக்கால் பாகம் பின்னியது. மேல் ஓரத்தில் ஊசியில்லை. கண்ணிகள் அவிழ்ந்து, பல இடங்களில் ஏணிபோலக் கீழே இறங்கியிருந்தன. கூடவே வளைந்துபோன ஓர் இரும்பு ஊசி, அழுக்கு அப்படியே.

"ஐயோ, யாரு ஊசியை உருவினது?" என்றாள் ரெஜினா.

நான்தான். ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. சமையலறைக் கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டது. கையில் நீளமான கம்பி எதுவும் அகப்படவில்லை. அவள் குளிக்கப் போயிருந்தாள். நாற்காலியில் இருந்த பின்னலிலிருந்து ஒரு ஊசியை உருவி எடுத்துக் குத்தினேன். அடைப்பு போய்விட்டது. ஊசி வளைந்துவிட்டது. வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நூற்றெண்பது கண்ணி என்று மட்டும் சொன்னாள். "கம்பிதானே, போட்டுக்க வேண்டியதுதான்" என்றேன்.

இவ்வளவு வருஷமாக ஊருக்கெல்லாம் பின்னியவள், முதல் முறையாகத் தனக்கென்று பின்னிய சால்வை அது என்பதை ரெஜினாதான் இன்று சொன்னாள். எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அரசி என்னோடு பேசவில்லை. சமைத்தாள், வைத்தாள், பேசவில்லை. இருபத்து மூன்று நாள்.

தேன்மொழியிடம் இவ்வளவையும் சொன்னேன். ஊசி விஷயம் வரைக்கும்.

ஜூலை 24, திங்கள்

அரசிக்குக் கைப்பயிற்சியும் பேச்சுப்பயிற்சியும் கொடுக்க வரும் பெனிட்டா நல்ல பெண். எத்தனை வரிசை பின்னினோம் என்று எண்ண ஒரு சாமான் செய்யச் சொன்னாள். குழந்தைகள் சிலேட்டில் இருக்கும் மணிச்சட்டத்தைக் கழற்றி, பத்து மணி மட்டும் வைத்து, தாங்கியின் பக்கத்திலேயே திருகிக் கொடுத்தேன். வரிசை முடிந்ததும் ஒரு மணியைத் தள்ள வேண்டும்.

"தள்ளிட்டு எண்ணுங்கம்மா. பேச்சு வராதவங்களுக்கும் ஒண்ணு ரெண்டு வரும். மனப்பாடமா இருக்குறது எங்கயோ பத்திரமா இருக்கும்" என்றாள் பெனிட்டா.

வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் பழைய குரலிலேயே வந்தது. ஆறு. ஏழு. ஏழில் நிறுத்தினாள்.

"எட்டு" என்று எடுத்துக் கொடுத்தாள் பெனிட்டா.

"ஏழு" என்றாள் அரசி. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மறுபடி ஏழில் நின்றாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"சில பேருக்கு ஒரு இடத்துல மாட்டிக்கும் சார். அர்த்தம் ஒண்ணும் இல்லை" என்றாள் பெனிட்டா.

ஜன்னலோர நாற்காலிக்கு நேரெதிரே கூடத்துக் கடிகாரம் இருக்கிறது.

ஜூலை 27, வியாழன்

ஏழு.

ஜூலை 28, வெள்ளி

துணி ஊறவைத்தேன். புளிக்குழம்பு கரித்துவிட்டது. பின்னல் நான்கு விரல் அகலம் ஆகியிருக்கிறது. உறிஞ்சுகுழல் வளையங்களைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு இரண்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். மீதியை மேஜை இழுப்பறையில் போட்டாள். பெனிட்டா வந்தாள். ஏழு.

ஜூலை 31, திங்கள்

விரல் முட்டியில் கட்டு. எழுத்து இப்படித்தான் வரும்.

காலையில் தாங்கியின் நட்டு தளர்ந்திருந்தது. மேஜைக்கு அடியில் மண்டியிட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மேலே நாற்காலியில் இருந்தாள். முகம் தெரியாததால் பேச வந்தது என்று நினைக்கிறேன்.

"அரசி, அன்னைக்குக் காலைல நான் உன்னைச் சரியாப் பாக்கல."

"பாத்தீங்க."

ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் பட்டது. நோய் வருவதற்கு முந்தைய குரல். ஒரு எழுத்து குழறவில்லை. 'இல்ல'வையும் எண்களையும் விட்டால், ஐம்பது நாளைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய வார்த்தை அது.

நான் வெளியே வரவில்லை. மேஜைக்கு அடியிலேயே இருந்தேன். ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே அவள் பின்ன ஆரம்பித்துவிட்டாள். நூல் கேனில் உரசுகிற சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இதில்கூட எழுதாமல் இருந்தால் வேறு எங்கே எழுதப்போகிறேன்.

ஜூலை 4, காலை ஏழு மணி. கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு அவள் குழாயைத் திறந்த சத்தம் கேட்டேன். அப்போது நன்றாக இருந்தாள். ஏழுக்குக் காபி வரவில்லை என்று உள்ளே வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சால்வை. விழுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். குரோஷா ஊசி தரையில் கிடந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது. "அ" என்று ஏதோ சத்தம் வந்தது.

எனக்கு வக்கணை காட்டுகிறாள் என்று நினைத்தேன். இருபத்து மூன்று நாள் பேசாதவள், காபி கேட்கிறவனைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"இந்த நடிப்பெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்க" என்றேன்.

அவள் இடது கையை நீட்டினாள். தரையில் கிடந்த ஊசியை எடுத்துத் தரச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நீயே எடுத்துக்கொள் என்று நான் போய்விட்டேன். ஷெட்டில் கிரைண்டரைப் போட்டேன். தீட்ட வேண்டியது எதுவும் இல்லை. பழைய உளி ஒன்றைப் பாதியாகும்வரை தேய்த்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று.

பன்னிரண்டு மணிக்குப் பசி வந்ததால் உள்ளே போனேன். அவளைத் தேடிப் போகவில்லை.

ஐந்து மணி நேரம். அவளுக்கு எல்லாம் புரிந்தது. எல்லாம் நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 5, சனி

தேன்மொழி வந்து பையை வைத்ததும் சொல்லிவிட்டேன். சாப்பிட்ட பிறகு என்று தள்ளிப்போட்டால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று தெரியும். அரசியின் முன்னால்தான் சொன்னேன். ஏழு மணி, வக்கணை, நான் சொன்ன வார்த்தை, கிரைண்டர் எல்லாவற்றையும் சொன்னேன்.

தேன்மொழி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலரை மணி நேரம்னு டாக்டர் என்கிட்ட சொல்லும்போது நீங்க பக்கத்துலதான்பா நின்னீங்க. தலையாட்டினீங்க."

"ஆமா."

"தூக்கத்துலயே வந்திருக்கும், நம்ம கையில என்ன இருக்குன்னு ஒரு மாசமா நான்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டிருக்கேன்."

"ஆமா."

அரசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. ஒரு பெரிய மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டதுபோலத் தோள் இறங்கியது. மகளிடம் இதைச் சொல்ல வாயில்லாமல் இத்தனை நாள் அவள்தான் சுமந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பெனிட்டா படங்களைக் காட்டிக் கேட்கச் சொல்லியிருந்தாள். தேன்மொழி போனில் ஈரோட்டு வீட்டின் படத்தையும் இந்த வீட்டின் படத்தையும் அடுத்தடுத்து வைத்தாள்.

"அம்மா, நீ எங்க இருக்கணும்னு நினைக்கிற? எதுன்னாலும் சரி. நீயே தொட்டுக் காட்டு."

அரசி யோசித்தாள். யோசிக்கிறாள் என்பதே எனக்கு நம்பிக்கையாக இருந்தது. பிறகு ஈரோட்டின் மேல் விரலை வைத்தாள். மறுபடி கேட்டதற்கும் அங்கேயே வைத்தாள்.

இது எனக்கு அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. இருந்தது. எழுந்து போய்த் தாங்கியைக் கழற்றினேன். கிளாம்ப், கட்டை, மணிச்சட்டம், இரண்டு ரப்பர் மூடி, எண்ணெய் கேன் எல்லாவற்றையும் துணியில் சுற்றினேன். எதை எங்கே மாட்ட வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டு எழுதினேன். நட்டை வாரம் ஒரு முறை முறுக்க வேண்டும் என்பதைக் கோடிட்டேன்.

கார் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பியது. அரசி திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஒருவனுக்குச் சோறு எவ்வளவு வடிக்க வேண்டும் என்று தெரியவில்லை. மிஞ்சியது.

ஆகஸ்ட் 10, வியாழன்

ரெஜினா வந்து, அக்கா எங்கே என்றாள். உடம்பு தேறப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் என்னை ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எட்டிப் பாத்திருக்கணும்" என்றாள். "தினமும் காலைல ஒரு எட்டு வந்து பாக்குறவ. அன்னைக்குன்னு வரல."

"என் சத்தம் கேட்டுத்தான நீ வரல, ரெஜினா. அது உன் தப்பில்ல."

"தெரியும்ண்ணா. இருந்தாலும்." சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டாள். ஒன்றும் செய்யாத பெண் ஒரு மாதமாக என் பாவத்தில் பங்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. ஒருவனுடைய வார்த்தை எத்தனை வீட்டுக்குள் போகிறது.

போகும்போது, குரூப்பில் மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாதவர்கள் இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னாள். செய்து தருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 16, புதன்

இரண்டு தாங்கி. ஒன்று வலது, ஒன்று இடது. செய்வதற்கு முன் அந்த வீடுகளுக்கே போய், அவர்கள் எந்தக் கையால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேன். கேட்டேன். பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 19, சனி

தேன்மொழி போன் செய்தாள். பதின்மூன்று நாளைக்குப் பிறகு. குரலில் ஒன்றும் காட்டவில்லை.

"அப்பா, அந்தத் தாங்கி இங்க நிக்கலை. சாப்பாட்டு மேஜை கண்ணாடி. மத்த இடத்துலயும் கிளாம்ப் பிடிக்க மாட்டேங்குது. அம்மா தினமும் கட்டையை எடுத்துட்டு வந்து என்கிட்டக் காட்டிட்டே இருக்காங்க. வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

"அம்மா என்னை வரச் சொன்னாளா?"

"தாங்கியைச் சரி பண்ணணும்னு சொல்றாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியுது."

ஆகஸ்ட் 20, ஞாயிறு

முதல் பஸ். ஈரோட்டில் இறங்கியபோது வெயில் தார்ச்சாலையிலிருந்து மேலே வந்தது. பையில் டிரில், அகலமான கிளாம்ப் ஒன்று, பலகைத் துண்டுகள்.

அரசி கூடத்தில் இருந்தாள். முகத்தின் இழுப்பு குறைந்திருக்கிறது. முடியை யாரோ அழகாகப் பின்னிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், ஜன்னலைக் காட்டினாள். ஜன்னல் திட்டில் பொருத்தினேன். உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள், கூடாது. நாற்காலியின் கைப்பிடியைக் காட்டினாள். பொருத்தினேன். அரை வரிசை பின்னிப் பார்த்தாள். கூடாது, உயரம். மறுபடி ஜன்னல், இரண்டு அங்குலம் தள்ளி. மூன்றாவது தடவை சரியாக வந்தது. நான் ஒரு தடவைகூட 'இது போதாதா' என்று கேட்கவில்லை. தேன்மொழி டீ வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. இரண்டு மணிக்கு ஒரு பஸ், மூன்றுக்கு ஒன்று. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அரசி சேலையின் மடிப்பிலிருந்து எதையோ எடுத்தாள். நீல நிற உல்லன், பந்தாகச் சுற்றாத சிட்டம். இங்கே வாங்கியது போலிருக்கிறது. அப்படியே பின்ன முடியாது. யாராவது விரித்துப் பிடித்தால்தான் சுற்ற வரும்.

"இதைச் சுத்துறதுக்கு ராட்டை மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றேன். "அடுத்த வாரம் கொண்டுவந்து குடுத்துட்டுப் போறேன்."

வேண்டாம் என்று தலையசைத்தாள். உதடு ஒரு வார்த்தையைத் தேடியது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன்.

"கை" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. சிட்டத்தால் என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். "கை."

பையைக் கீழே வைத்தேன். அவளுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். சிட்டத்தை அவற்றில் மாட்டினாள். தாங்கியில் நின்ற ஊசியில் ஓர் அட்டைக் குழலை மாட்டி, இடது கையால் நூலை அதில் சுற்ற ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் வந்தது. அவள் இழுக்க இழுக்க நான் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வேறெங்கும் பார்க்க முடியாது. அவள் நூலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன், இழுத்திருக்கிற பக்கத்தையும் சேர்த்து.

நடுவில் நூல் சிக்கியது. நிறுத்தி, குனிந்து, என் விரலுக்கு அடியிலிருந்து அதை விடுவித்தாள். அவளாக என்னைத் தொட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று கணக்குப் போட வரவில்லை. தோள் கடுத்தது. கையின் ரத்தமெல்லாம் இறங்கி விரல் மரத்துப்போனது.

தேன்மொழி உள்ளேயிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வெகு நேரம் நின்றாள்.

"மூணு மணி பஸ்ஸும் போயிருக்கும்பா" என்றாள்.

சிட்டம் பாதிகூடத் தீரவில்லை. நான் கையை இறக்கவில்லை.